குட்சு படர்ந்த அட்டை

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமத்துச் சாலைகளில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் திடீரென்று திராட்சை வாசனை அடிக்கும். பக்கத்தில் திராட்சைத் தோட்டம் எதுவும் இருக்காது. குழந்தைகள் குடிக்கிற திராட்சை சோடாவின் வாசனை அது, கொஞ்சம் தூக்கலாக. மரங்களையும் மின்கம்பங்களையும் மூடிக்கொண்டு கிடக்கும் குட்சுக் கொடி பூத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பூ சட்டென்று கண்ணில் படாது. ஊதாக் கொத்துகள் இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

போன வாரம் அந்த வாசனை வந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். களையியல் படித்துக் களைகளோடே காலம் தள்ளியவன் நான். என் தொழிலுக்கு அந்தக் கொடி எதிரி. ஆனால் அன்று எனக்கு ஞாபகம் வந்தது ஆராய்ச்சி வயல் அல்ல, ஓர் இசைத்தட்டின் அட்டை. ஏதன்ஸ் ஊரில், ரயில் பாதையை ஒட்டிய பழைய மரவீட்டின் முன்னறையில், சுவரோடு சாய்த்து வைத்திருந்த அட்டை. ஆர்.இ.எம். என்ற நால்வர் குழுவின் முதல் முழு ஆல்பம். பெயர் 'மர்மர்'. வெளிவந்தது 1983 ஏப்ரலில்.

நான் ஏதன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோயம்புத்தூரில் வேளாண்மை முடித்துவிட்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவனாக வந்திருந்தேன். வாடகை குறைவு என்பதால் அந்த வீட்டில் ஓர் அறை பிடித்தேன். இன்னோர் அறையில் வனவியல் படிக்கும் உள்ளூர்ப் பையன். நான் பெட்டியை இறக்கிவைத்த அன்று அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ரெக்கார்டு ஓடினால் தொந்தரவாக இருக்குமா என்பது. அப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். பச்சை துளியும் இல்லாமல், சாம்பல் பூத்த மாதிரி, கொடியின் மேல் கொடி விழுந்து புதர் புதராக மூடிய ஒரு நிலம். அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

"இது குட்சுதானே?" என்றேன். கையோடு அதன் தாவரவியல் பெயரையும் சொன்னேன்.

அவன் ஊசியைத் தட்டின் மேல் வைக்கப் போனவன் அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். எங்கள் சிநேகம் அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது.

அந்த நாட்களில் சாயங்காலம் வீடு திரும்பும்போது எனக்குக் காது வலிக்கும். புத்தகத்து இங்கிலீஷ் தெரியும். வகுப்பில் பேராசிரியர் பேசுவதும் புரியும். ஆனால் வயலில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, பாதியை விழுங்கிப் பேசுவார்கள். ஒரு சொல் தப்பினாலும் மருந்தின் அளவு மாறிவிடும் என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் அந்தத் தட்டை முழுசாகக் கேட்டேன். மைக்கேல் ஸ்டைப்பின் குரல் வாத்தியங்களுக்கு உள்ளே எங்கேயோ புதைந்து வந்தது. ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.

"என்ன பாடறார்?"

"தெரியாது" என்றான். "யாருக்கும் தெரியாது. அட்டையில வரிகளும் போடல. நாங்க எல்லாரும் எங்க இஷ்டத்துக்கு ஏதோ ஒண்ணச் சேத்துப் பாடிக்குவோம்."

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே அளவு கேட்டோம். அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவுக்கு வந்தபிறகு புரியவேண்டும் என்ற கவலை இல்லாமல் நான் கேட்ட முதல் இங்கிலீஷ் குரல் அது. ஸ்டைப் தன் குரலை இன்னொரு வாத்தியமாகத்தான் வைத்திருந்தார். அப்படிக் கேட்டால் அதில் எல்லாமே இருந்தது: கெஞ்சல், அதட்டல், சாயங்காலத்து அலுப்பு.

சொற்களை விட்டுவிட்டதால் மற்றதெல்லாம் காதில் விழ ஆரம்பித்தது. முதலில் விழுந்தது மைக் மில்ஸின் பேஸ் கிடார். அது தாளத்தோடு அடியில் நடந்துபோகவில்லை. தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு பாட்டோடு பேசிக்கொண்டே வந்தது. இளையராஜா கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. பீட்டர் பக்கின் கிடார் அதட்டாது, அலறாது. ஒவ்வொரு நரம்பாக மீட்டி, மணிச்சரம் மாதிரி தொடுத்துக்கொண்டே போகும். பில் பெரியின் டிரம்ஸில் ஒரு நாட்டியச் சுறுசுறுப்பு. பாட்டுகள் எல்லாம் நால்வர் பெயரிலும் பொதுவாக இருக்கும். யார் எழுதினாலும் பங்கு சமம். கடைசிவரை அந்த ஒப்பந்தத்தை அவர்கள் மாற்றவே இல்லை. நான் அந்தக் குழுவை மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் அறைத்தோழன் அந்த ஆல்பம் பிறந்த கதையை ஊர்ப் பெரியவர்கள் கோயில் கட்டின கதை சொல்வதுபோலச் சொல்வான். ஒரே மூச்சில் சொல்லமாட்டான். பாத்திரம் துலக்கும்போது கொஞ்சம், வயலுக்குப் போகிற வழியில் கொஞ்சம்.

குழு உருவானது 1980ல். பக் அந்த ஊரின் வக்ஸ்ட்ரி ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தார். ஸ்டைப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துக்கொண்டு அங்கே தட்டு வாங்க வருகிற மாணவர். இருவரும் குடியிருந்தது ஓகோனி தெருவில் வழிபாடு நின்றுபோன ஒரு பழைய மாதாகோயிலில். அந்த வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி அதே கோயிலில் ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில்தான் நால்வரும் முதன்முதலாக வாசித்தார்கள். நான் போன புதிதில் அந்தக் கட்டடம் பாழடைந்து நின்றது. தோழன் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினான். பிறகு அதை இடித்து அடுக்குக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். தனியாக நிற்கிற அந்தக் கோபுரத்தை இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள்.

ஆல்பத்துக்கு முதலில் வேறொரு தயாரிப்பாளரைத்தான் ஐ.ஆர்.எஸ். என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஏற்பாடு செய்தது. ஸ்டீஃபன் ஹேக் என்று பெயர். சுருதியும் தாளமும் மயிரிழை பிசகக்கூடாது என்பவர். 'கேட்டபல்ட்' என்ற ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார். பெரி நொந்துபோனார். பிறகு அந்த டேப்பை பாஸ்டனுக்கு எடுத்துப்போய், இவர்களைக் கேட்காமலே சிந்தசைசர் சேர்த்துவிட்டார் ஹேக். அதைக் கேட்டதும் நால்வரும் ஒரே குரலில், எங்களுக்கு மிட்ச் ஈஸ்டர்தான் வேண்டும் என்று கம்பெனியிடம் போய் நின்றார்கள். ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டு கார் கொட்டகையையே ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தவர். குழுவின் முந்தைய பதிவுகளைச் செய்தவரும் அவரே. கம்பெனி உடனே தலையாட்டவில்லை. ஈஸ்டரும் டான் டிக்ஸனும் சேர்ந்து பரீட்சைக்கு ஒரு பாட்டைப் பதிவுசெய்து காட்டட்டும் என்றது. 'பில்கிரிமேஜ்' அப்படிப் பிறந்தது. கேட்டபிறகு மறுபேச்சு இல்லை.

வட கரோலினாவின் ஷார்லட் நகரில் ரிஃப்ளெக்‌ஷன் ஸ்டுடியோவில் 1983 ஜனவரி, பிப்ரவரியில் வேலை நடந்தது. கிறிஸ்தவ பக்திப் பாடல்கள் அதிகம் பதிவான இடம். குழு வைத்த நிபந்தனைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு: சிந்தசைசர் கூடாது, கிடார்காரர் நடுவில் வந்து வித்தை காட்டுகிற தனி ஆவர்த்தனம் கூடாது. ராக் இசையில் அப்போது அது பெரிய துணிச்சல். ஸ்டைப் யார் கண்ணிலும் படாமல் பாட விரும்பினார். அதனால் மைக்கை மாடிப்படிப் பக்கம் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாடினார். அந்தக் குரலில் இருக்கிற தனிமைக்கு அந்த இருட்டும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

தோழனுக்கு இதைவிடச் சின்னச் சின்னச் சங்கதிகளில்தான் ஆசை. இரண்டாம் பக்கத்தில் 'வீ வாக்' என்று ஒரு பாட்டு. அதில் தூரத்து இடி மாதிரி ஒரு சத்தம் வரும். என் கையைப் பிடித்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பான். "மழைன்னு நெனைக்கிற இல்ல? பில் பெரி கீழ பில்லியர்ட்ஸ் ஆடிக்கிட்டிருந்தாரு. பந்து மோதற சத்தத்த டேப்புல புடிச்சு வேகத்தக் கொறச்சுட்டாங்க." தட்டின் முதல் பாட்டான 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' தொடங்குவதற்கு முன்னால் ஒரு விநோத ரீங்காரம் விட்டுவிட்டு வரும். கருவிக் கோளாறால் டேப்பில் தானாக விழுந்த சத்தம் அது. அதைத் தூக்கிப்போடாமல், பேஸ் ஒலிக்கும்போது மட்டும் திறந்து மூடும்படி செய்து வாசலிலேயே வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு குப்பைச் சத்தத்துக்கு இத்தனை மரியாதை கொடுத்தவர்களை நினைத்து எனக்கு இப்போதும் ஆச்சரியம் தீரவில்லை.

சொந்தமாக ஒரு பிரதி வேண்டும் என்று நான் போனதும் வக்ஸ்ட்ரிக்குத்தான். கடைக்குள் நுழைந்தால் பழைய காகிதமும் தூசியும் கலந்த வாசனை. மரத்தொட்டிகளில் தட்டுகளை நிற்கவைத்திருப்பார்கள். விரலால் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்க்கவேண்டும். கையிருப்புக்கு ஏற்ப, யாரோ கேட்டு விற்றுவிட்டுப்போன பிரதியை எடுத்தேன். கல்லாவில் இருந்த பையன் தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரல் படாமல் ஓரத்தை மட்டும் பற்றிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். "முதல் பக்கம் கடைசிப் பாட்டுல லேசா ஒரு கீச்சு இருக்கு, பரவாயில்லையா?" என்று அவனாகவே சொல்லி விலையைக் குறைத்தான். கடைசிப் பாட்டு 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்'. அந்தக் கீச்சு என் காதில் எவ்வளவு ஊறிவிட்டதென்றால், வேறு பிரதியில் கேட்டால் அந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது.

அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். மெட்டு பெரும்பாலும் பெரியினுடையது. ஒரே பகுதியை இரண்டு பியானோக்களில் வாசித்திருப்பார்கள். ஒன்று கணீரென்று, மற்றது தகரம் தட்டினாற்போல. நியூ ஜெர்சியின் ட்ரென்டனில் ஒரு கச்சேரிக்கு முன்னால், ஊர் ஊராக அலைந்து தூக்கமில்லாமல் நின்றிருந்த பக், இருட்டுவதற்குள் ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று பந்தோடு ஓடிய பிள்ளைகளைப் பார்த்துக் கண்கலங்கிப்போனாராம். அந்த உணர்ச்சி பாட்டில் வரவேண்டும் என்று ஸ்டைப்பிடம் சொன்னாராம். வரிகளில் பிள்ளைகளும் இல்லை, பந்தும் இல்லை. இருந்தும் அந்தி நேரத்து மைதானம் அதில் இருக்கிறது. கதை தெரிவதற்கு முன்பே எனக்கு அது தெரிந்திருந்தது என்று சத்தியம் செய்வேன்.

ஒரு விடுமுறைக்குத் தோழன் என்னைத் தன் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஏதன்ஸிலிருந்து ஒரு மணி நேரம். செம்மண் மேடுபள்ளம். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி போட்டுப் போட்டு மேல்மண் மழையோடு கரைந்து, வீட்டையே விழுங்குகிற பள்ளங்கள் விழுந்த பிரதேசம். குட்சு 1876ல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து அலங்காரச் செடியாக வந்தது. மண் அரிப்பைத் தடுக்க 1930களில் அரசாங்கமே அதைக் கையில் எடுத்தது. 8.5 கோடி நாற்றுகளை விநியோகம் செய்து, நடுகிறவனுக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை கொடுத்தது. அது பயறு வகை. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். கோடையில் நாளைக்கு ஓர் அடிவரை வளரும். சிபாரிசுப் பட்டியலிலிருந்து 1953ல் எடுத்தபோது காரியம் கைமீறியிருந்தது. நம்மூரில் சீமைக்கருவேலம் வந்த வழியும் இதுதான்.

தாத்தா திண்ணை மாதிரி இருந்த வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் குட்சுவில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றதும் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் அழைத்துப்போனார். ஒரு பள்ளத்தாக்கு நிறைய அந்தக் கொடி. நடுவில் ஏதோ ஒன்றின் கூரை முகடு மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது. "அந்த எட்டு டாலர் இருந்ததாலதான் அந்த வருஷம் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது" என்றார். "மண்ணைக் காப்பாத்திக் குடுத்துச்சு. அப்புறம் நெலத்த எடுத்துக்கிச்சு." அவர் குரலில் கோபமே இல்லை. நான் கடப்பாரையால் ஓரிடத்தில் தோண்டி, வேரும் தண்டும் கூடுகிற முண்டைக் காட்டி, இது சாகாதவரை இலைக்கு எத்தனை மருந்து அடித்தாலும் கிழங்கில் சேர்த்துவைத்த மாவுச்சத்தை வைத்துத் திரும்பத் துளிர்க்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது தோழன் வண்டியில் 'மர்மர்' கேசட்டைப் போட்டான். தெற்கத்தி ராக் என்றால் அதுவரை நீண்ட கிடார் ஆவர்த்தனமும், சில குழுக்களின் மேடையில் உள்நாட்டுப் போர்க்காலத்துத் தெற்கின் கொடியும்தான் என்று சொன்னான். சினிமாவில் தெற்கு என்றால் வெள்ளைத் தூண் வைத்த மாளிகை. "எங்க தாத்தா வீட்டுப் பின்பக்கத்த அட்டையில போட்ட முதல் ஆளுங்க இவங்கதான்." பின்னட்டையில் இருந்தது ஊரின் ட்ரெயில் ஓடைமேல் போன பழைய மரத்தூண் ரயில் பாலம். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபிறகு அங்கே போவோம். தண்டவாளம் போகும் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தால் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மழையில் கறுத்து, தார் நாறும். அவன் மரத்தைப் பற்றிப் பேசுவான், நான் கொடியைப் பற்றி.

உலகம் அந்தத் தட்டைக் கவனிக்காமல் இல்லை. பில்போர்டு பட்டியலில் 36ஆம் இடம்தான். ஆனால் மைக்கேல் ஜாக்ஸனின் 'த்ரில்லர்' கொடிகட்டிப் பறந்த அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 'மர்மர்'ஐத்தான் தேர்ந்தெடுத்தது. குழு பிறகு மைதானங்களை நிறைத்தது, கோடிக்கணக்கில் விற்றது. அந்தப் பெரிய ஆல்பங்களும் என்னிடம் இருக்கின்றன. நல்ல பாட்டுகள். ஆனால் அவற்றில் ஸ்டைப்பின் உச்சரிப்பு தெளிந்துவிட்டது, வரிகளும் 1988லிருந்து மெல்ல அட்டைக்கு வந்துவிட்டன. எனக்கு முதல் தட்டின் மங்கல்தான் வேண்டியிருக்கிறது.

என் மகளுக்கு இது விளங்கவில்லை. கல்லூரிக்குக் கொண்டுவிடப் போகும்போது காரில் அந்த ஆல்பத்தைப் போட்டேன். ஐந்தாவது நிமிஷத்தில் போனில் வரிகளைத் தேடி எடுத்துவிட்டாள். "அப்பா, இதோ இருக்கு, படிக்கட்டா?"

"வேண்டாம்மா."

"இத்தன வருஷமா என்னன்னே தெரியாம கேக்கறீங்களேப்பா!"

அவள் தலைமுறைக்குப் பாட்டென்றால் வரியும் கூடவே திரையில் ஓடும். எங்களுக்கு ஒரு பக்கம் முடிந்தால் எழுந்துபோய்த் திருப்பிப் போடவேண்டும். திருப்புகிற நேரத்தில் யாரும் பேசமாட்டோம். ரெக்கார்டு ஓடும்போது வேறு வேலை செய்வதும் அந்த வீட்டில் வழக்கமில்லை. ஆறு பாட்டுக்கு உட்கார்ந்து, எழுந்து, மறுபடி ஆறு பாட்டுக்கு உட்காருவோம். அவளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்டாள். 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' முடிந்ததும், "இன்னொரு தடவ போடுங்க" என்றாள். அதுபோதும் எனக்கு.

பில் பெரி 1995ல் சுவிட்சர்லாந்தில் மேடையிலேயே மூளை ரத்தக்குழாய் வீங்கிச் சரிந்தார். பிழைத்துவந்து, 1997ல் குழுவை விட்டு விலகி, ஏதன்ஸுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைக்கோல் புல் அறுத்துக் கட்டுப் போடுகிற விவசாயியானார். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது வயல்காரனாகிய எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. மற்ற மூவரும் 2011ல் சண்டை சச்சரவு எதுவுமின்றிக் குழுவைக் கலைத்தார்கள். பின்னட்டைப் பாலத்தின் கட்டைகள் உளுத்துப்போய், அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் புதிய பாலம் கட்டிவிட்டார்கள். போன முறை போயிருந்தபோது அதன்மேல் நடந்து பார்த்தேன். நல்ல உறுதியான வேலை.

என் பழைய அறைத்தோழன் இப்போது தாத்தாவின் நிலத்தில் மாடு வளர்க்கிறான். பள்ளத்தாக்குக் குட்சுவை ஆடுகளை விட்டு மேய்த்தே பாதிக்குமேல் அடக்கிவிட்டான். நான் எழுதிக்கொடுத்த மருந்துக்கணக்கைவிட ஆடு மலிவு என்பது அவன் கட்சி. சனிக்கிழமைகளில் போன் பேசுவோம். மாடு, மழை, முழங்கால் வலி எல்லாம் தீர்ந்தபிறகு பேச்சு தானாக அங்கே வந்துவிடும். அவனுக்கு இரண்டாம் பக்கம்தான் உசத்தி; 'சிட்டிங் ஸ்டில்'லுக்காக உயிரை விடுவான். நான் முதல் பக்கத்தை விட்டுக்கொடுக்கமாட்டேன். போன சனிக்கிழமை பேச்சு முற்றி, அவன் போனை ஸ்பீக்கருக்கு அருகில் வைத்து இரண்டாம் பக்கத்தை முழுசாக ஓடவிட்டான். இந்தச் சனிக்கிழமை என் முறை.